செல்லம்மா கொடுத்த அவல்

தை 9, வெள்ளி

நாளை குழந்தைகளோடு கோடியக்கரைக்கு நான்கு நாள் பயணம். மத்தியானம் அவர்கள் துணிகளை டிரங்குப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். எங்கள் வயலைக் குத்தகைக்குச் செய்யும் மாணிக்கத்தின் மனைவி செல்லம்மா, பிள்ளைகள் வழியில் தின்ன ஒரு பை அவல் கொண்டுவந்தாள்.

"ஐயா களத்துல நின்னாத்தானேம்மா நெல்லு அளக்க முடியும். நீங்க வர்ற வரைக்கும் அறுக்க மாட்டோம்."

"ஆமா, வந்ததும் அறுத்துக்கலாம்," என்றேன்.

அவள் போனதும் என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார்.

"நல்லதாப் போச்சு. ஞாயித்துக்கிழமை வெளியூர் ஆளுங்க வந்து அறுத்துடுவாங்க. புதுச் சட்டத்துல மாணிக்கம் குத்தகைக்காரன்னு பேரைப் பதிஞ்சுட்டான்னா வயல் நம்ம கையை விட்டுப் போயிடும். வேற ஆளுங்க அறுத்துட்டா, பயிர் வெச்சது நான்தான்னு அவன் காட்ட முடியாது. அறுக்கிறப்ப நாம ஊர்ல இருக்கக் கூடாது."

கடல் பார்க்கலாம் என்று ஒரு வாரமாகக் குழந்தைகளிடம் சொல்லி வந்தவள் நான். செல்லம்மாவுக்கு வாக்குக் கொடுத்தவளும் நான். என் வாயை வைத்தே காரியத்தை முடித்துக்கொண்டார். வெட்கமே இல்லை.

துணிகளை எல்லாம் வாரி வெளியே எறிந்தேன். பெரியவள் அழுதுகொண்டே ஒவ்வொன்றாக மடித்துத் திரும்ப உள்ளே வைத்தாள். நசுங்காமல் இருக்க அவல் பையை எல்லாவற்றுக்கும் மேலே வைத்துப் பெட்டியை மூடினாள்.

நான் தடுக்கவில்லை.