மலைப்பக்கம் திரும்பிய விமானம்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வலி குறைந்ததா?

நேற்று ஒரு சின்ன விஷயம் நடந்தது. பறக்கும்போது வழியில் அடுத்துச் செல்ல வேண்டிய இடத்தின் பெயரைத் துணை விமானியான நான் விமானக் கணினியில் பதிய, கேப்டன் சரிபார்க்க வேண்டும். அப்போது அவர், "அம்மா எப்படிப்பா இருக்காங்க?" என்றார். உன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வேறொரு பெயரைப் பதிந்துவிட்டேன். அவரும் பார்க்காமலே "சரி" என்றார். மேகத்துக்குள் விமானம் மலைப்பக்கம் திரும்பியது. "எங்க போறீங்க?" என்று தரைக் கட்டுப்பாட்டுப் பெண் அதட்டிய பிறகுதான் மேலே ஏறித் தப்பினோம். பேசிக்கொண்டே பரீட்சை எழுதியது போலத்தான். ஆனால் எங்கள் முதுகுக்குப் பின்னால் நூற்றெழுபது பேர்.

நீ பயப்படாதே. உன் குரலைப் பதிவுசெய்து அனுப்பு, தரையிறங்கிய பிறகு கேட்கிறேன்.

வண்டி வந்துவிட்டது. உறையில் நம் வீட்டு முகவரியை மூன்று முறை சரிபார்த்துவிட்டேன். இன்னொரு முறை பார்த்துவிட்டு ஒட்டுகிறேன்.

உன் மகன்