மணலில் நின்ற ஏழாம் நம்பர் வண்டி

பழைய பெருங்களத்தூர்
ஜனவரி 24

அன்பு மகள் கெசியாவுக்கு அம்மா எழுதுவது. கர்த்தருடைய கிருபையால் நானும் அப்பாவும் நல்ல சுகம், நீயும் மாப்பிள்ளை ஸ்டெபினும் அந்த ஹாலிஃபாக்ஸ் குளிரில் சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் மாலையிலும் ஜெபிக்கிறோம். அப்பாவுக்குச் சர்க்கரை கட்டுக்குள் இருக்கிறது, ஆனால் கிறிஸ்துமஸுக்கு வந்த பலகாரத்தை எனக்குத் தெரியாமல் சாப்பிட்டுவிட்டு, எறும்பு தின்றுவிட்டது என்று சொன்னார், நம் வீட்டில் அவ்வளவு பெரிய எறும்பு எங்கே இருக்கிறது என்று கேட்டேன். இதையெல்லாம் போனிலேயே சொல்லலாமே, எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். டிசம்பரில் நீ அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு அழுதுகொண்டே கூப்பிட்டாய் அல்லவா, பஸ் மணலில் சிக்கிக்கொண்டது, அவ்வளவுதான் என்று சொல்லி வைத்துவிட்டேன். அது பாதிதான் உண்மை. முழுவதையும் போனில் சொன்னால் நீ நடுவிலேயே, வேலையை விடு, கிளம்பி வா என்று ஆரம்பித்துவிடுவாய், அதனால் எழுதிவிடு என்று அப்பாதான் சொன்னார். எல்லாம் முடிந்து நல்லபடியாக ஆகிவிட்டது, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பயப்படாமல் படி.

எங்கள் பூங்காவனம் மோட்டார் சர்வீஸ் வண்டிகளைப் பற்றி உனக்குத் தெரியும். இருபத்திரண்டு வண்டியில் முக்கால்வாசி நீ ஸ்கூல் போன காலத்து வண்டி. கல்யாணமாகி நீ போனபோது நான் ஆபீசில் உட்கார்ந்து டிக்கெட் மிஷின் கொடுத்து வாங்கிக்கொண்டிருந்தேன். கொரோனாவுக்குப் பிறகு கண்டக்டர்கள் பாதிப் பேர் திரும்பி வரவில்லை, நீங்கள் கொஞ்ச நாள் லைனில் போங்கள் என்றார்கள், அந்தக் கொஞ்ச நாள் நான்கு வருஷமாகிவிட்டது. தாம்பரத்திலிருந்து முடிச்சூர், படப்பை, ஒரகடம் வழியாக வாலாஜாபாத், திரும்ப அதே வழி. டிரைவர் கதிரேசன், மண்ணிவாக்கத்துக்காரர், அதிகம் பேசமாட்டார், நான்கு வருஷத்தில் ஒரு நாளும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. எங்களுக்குக் கொடுத்திருந்தது ஏழாம் நம்பர். அது கிளம்பினால் வருகிற சத்தத்துக்குப் பயணிகள் தையல் மிஷின் என்று பெயர் வைத்திருந்தார்கள். தரையில் ஓட்டை விழுந்த இடத்தில் தகரம் அடித்திருக்கும், வைப்பர் போட்டால் ஹாரன் தானாக அடிக்கும், மழை பெய்தால் ஜன்னல் பக்கம் இருப்பவர்கள் உள்ளேயே குடை பிடிப்பார்கள். அதெல்லாம் சிரித்துக்கொண்டே ஓட்டிவிடலாம். ஆனால் பிரேக் சரியில்லை என்று கதிரேசன் எட்டு நாள் தொடர்ந்து கம்ப்ளெய்ண்ட் புக்கில் எழுதினார். ஷெட்டில் ஒவ்வொரு தடவையும் எதையோ முடுக்கி, எதையோ கட்டி அனுப்பிவிடுவார்கள், மாற்றுவதற்குப் பார்ட் இல்லை, மாற்று வண்டியும் இல்லை.

டிசம்பர் ஒன்பதாம் தேதி காலை எட்டரை மணிக்கு வாலாஜாபாத்திலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தோம், ஐம்பது பேருக்கு மேல் இருந்தார்கள். படப்பையில் சுந்தரவல்லி ஏறினாள், கீரைக் கட்டு எடுத்துக்கொண்டு தினமும் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போகிறவள், எப்போதும் டிரைவருக்குப் பின்னால் முதல் சீட்டு அவளுக்குத்தான். மண்ணிவாக்கம் சிக்னல் தூரத்தில் சிவப்பாகத் தெரிகிறது, அங்கே பைக்கும் ஸ்கூல் வேனும் நிற்கின்றன, எங்கள் வண்டி மட்டும் வேகம் குறையவில்லை. கதிரேசனின் தோள் ஏறி இறங்குவதைப் பார்த்தேன், மிதித்து மிதித்துப் பார்க்கிறார். திரும்பாமலே, "அக்கா, பிரேக் இல்ல, எல்லாரையும் புட்ச்சிக்க சொல்லு" என்றார், சத்தம்கூடப் போடவில்லை. நான் கத்தினேன். கியரை ஒவ்வொன்றாகக் கடகடவென்று இறக்கினார், வண்டி உறுமிக்கொண்டு ஆடியது, இடது பக்கம் கால்வாய் வேலைக்காக மலை மாதிரி எம்-சாண்ட் மணல் கொட்டியிருந்தார்கள், அதில் கொண்டுபோய் விட்டார். அந்த நேரத்தில் உன் முகம் என் கண் முன்னால் வந்தது என்று எழுத எனக்கும் ஆசைதான். உண்மையில் டிக்கெட் மிஷின் கீழே விழுந்து உடையக்கூடாதே என்றுதான் நினைத்தேன், மனுஷ புத்தி எப்படிப் பார். வண்டி பாதி முகத்தை மணலில் புதைத்துக்கொண்டு நின்றது. சுந்தரவல்லிக்கு உதடு கிழிந்தது, எனக்கு முழங்கையில் அடி, நாலைந்து பேருக்கு நெற்றி வீக்கம், வேறு ஒன்றும் இல்லை. ஸ்கூல் வேன் எங்களுக்கு நாற்பதடி முன்னால் நின்றிருந்தது. கதிரேசன் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுக்கவே இல்லை, நான்தான் போய் ஒவ்வொரு விரலாகப் பிரித்துவிட்டேன். நீ பார்த்த வீடியோ அதற்குப் பிறகு எவனோ எடுத்தது.

கஷ்டம் அடுத்த நாள்தான் வந்தது. மேனேஜர் மெர்வின் உனக்குத் தெரிந்தவர்தான், நம் சபையில் பாடகர் குழுவில் இரண்டாவது வரிசையில் நிற்பாரே, அவர். என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, டீ வரவழைத்து, டைப் செய்த ஒரு தாளை முன்னால் வைத்தார். டிரைவர் போன் பேசிக்கொண்டே ஓட்டினார், அதனால் சிக்னலைக் கவனிக்கவில்லை என்று இருந்தது, கீழே என் பெயர். மெர்வின் என்னை நேராகப் பார்க்காமல், "அக்கா, நாளான்னிக்கு ஆர்டிஓ ஆபீஸ்லேர்ந்து பிரேக் இன்ஸ்பெக்டர் விசாரணைக்கு வராரு. வண்டியில கோளாறுன்னு தெரிஞ்சா ஒரு வண்டியோட நிக்காது, எல்லாத்தையும் செக் பண்ணி நிறுத்திடுவாங்க. எழுபது குடும்பம் இருக்கு, யோசிங்க. கதிரேசனுக்கு லைசென்ஸ் கொஞ்ச மாசம் போகும், அவ்வளவுதான்" என்றார். பிறகு மெதுவாக, ஆபீசில் என் பழைய சீட் காலியாகிறது, அடுத்த திங்கட்கிழமையிலிருந்தே வந்துவிடலாம் என்றார். கெசியா, உனக்குத் தெரியும், முட்டி வலிக்காக அந்த சீட்டை நான் இரண்டு வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஒரு நிமிஷம் என் மனது அந்த நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டது, உன்னிடம் மறைப்பானேன். ஒரு நாள் டைம் கொடுங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

வீட்டுக்கு வந்து அப்பாவிடம் சொன்னேன். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார், நிறுத்தாமல் கேட்டார். முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவர், அறிவுரை சொல்வார் என்று காத்திருந்தால், "என்ன எழுதணும்னு உனக்கே தெரியும், அப்புறம் எதுக்கு என்கிட்ட கேக்கற?" என்று மட்டும் சொன்னார், எனக்குக் கோபம்தான் வந்தது. சாயங்காலம் கதிரேசன் வீட்டுக்குப் போனேன். அவர் காக்கிச் சட்டையைத் துவைத்து இஸ்திரி போட்டு மடித்து ஒரு கவரில் வைத்துக்கொண்டிருந்தார், கம்பெனியில் திருப்பிக் கொடுக்கவாம். "நானே ஒத்துக்கினு போய்டறேன்க்கா. மெர்வின் சார் வந்து பேசிட்டாரு. எழுபது பேர் வயித்துல நான் ஏன் அடிக்கணும்? படப்பையில ஒரு கம்பெனியில வாட்ச்மேன் வேல கீதாம், பாத்துக்கறேன்" என்றார். அவருடைய மனைவி கங்கம்மா கதவருகே நின்று புடவைத் தலைப்பைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ, ஐம்பது பேரைக் காப்பாற்றிய மனுஷன் தப்பு செய்தேன் என்று கையெழுத்துப் போடுவாராம், நாளைக்கு இதே மாதிரி இன்னொரு வண்டி, அங்கே மணல் கொட்டியிருக்குமா என்று சத்தம் போட்டேன். நானா இப்படிப் பேசுகிறேன் என்று எனக்கே ஆச்சரியம். கங்கம்மா வந்து அந்தக் கவரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அத்துடன் ஒத்துக்கொள்கிறேன் என்ற பேச்சை அவரும் விட்டுவிட்டார்.

மறுநாள் காலையில் நோட்டுத் தாளில் இரண்டு பக்கம் நானே எழுதினேன், எத்தனை மணி, எந்த இடம், அவர் என்ன சொன்னார், எட்டு நாளாக என்ன எழுதினார், எல்லாம். திருட்டுத்தனமாக இன்ஸ்பெக்டரிடம் கொடுக்க எனக்குப் பிடிக்கவில்லை, நேராக மெர்வினிடமே கொண்டுபோய், இதைத்தான் நாளைக்குக் கொடுக்கப்போகிறேன், முதலில் நீங்கள் படியுங்கள் என்றேன். திட்டப்போகிறார், வேலை போகப்போகிறது என்றுதான் நினைத்தேன். அவர் இரண்டு தடவை படித்தார். பிறகு சாவி எடுத்து டிராயரைத் திறந்து கம்ப்ளெய்ண்ட் புக்கை எடுத்து மேஜைமேல் போட்டார். அதைக் காணாமல் போக்கிவிடும்படி முதலாளி சொன்னாராம், இவருக்குக் கை வரவில்லையாம். "பழைய வண்டிய மாத்தணும்னு நான் எத்தனை லெட்டர் எழுதியிருக்கேன் தெரியுமாக்கா? ஞாயித்துக்கிழமை சபையில நின்னு பாடறேன், மத்த ஆறு நாளும் இந்த வண்டிங்கள வெளிய அனுப்பறேன்" என்றார். கெட்டவர் இல்லை கெசியா, பயந்தவர். நானும் முந்தின நாள் அப்படித்தானே இருந்தேன்.

விசாரணை அன்று கம்ப்ளெய்ண்ட் புக்கை மெர்வினே எடுத்துக் கொடுத்தார். நான் கேட்காமலே, விஷயம் கேள்விப்பட்டுச் சுந்தரவல்லி பதினைந்து பயணிகளோடு ஷெட்டுக்கு வந்து நின்றாள், தையல் போட்ட உதட்டோடு, "இன்னா போன் பேசினாரு? ரெண்டு கையும் ஸ்டியரிங்ல இருந்துச்சு, நான் பின்னாடியே குந்திகினு பாத்தேன்" என்று அவள் பேசியதில் இன்ஸ்பெக்டரே எழுந்து நாற்காலி கொடுத்தார். கதிரேசன்மேல் ஒரு குற்றமும் இல்லை என்று எழுதினார். மெர்வின் பயந்த மாதிரியே எல்லா வண்டியையும் செக் பண்ணி ஒன்பதை நிறுத்திவிட்டார்கள், அதுவும் உண்மைதான். இரண்டு வாரம் ஷெட்டில் பாதிப் பேர் சும்மா உட்கார்ந்திருந்தோம். சிலர் என்னோடு பேசவில்லை, தண்ணீர்க் குடத்தருகே நான் போனால் நகர்ந்துகொள்வார்கள், அது எனக்கு வலித்தது. கிறிஸ்துமஸ் அன்று போனில் ஏன் சுரத்தில்லாமல் பேசுகிறாய் என்று கேட்டாயே, அதுதான் காரணம். முதலாளி வந்து ஒரு நாள் குதித்தார், மறுநாள் வந்து கணக்குப் புத்தகத்தைப் பிரித்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார், ஓடாத வண்டியை வைத்துக்கொண்டு அவரும் என்ன செய்வார். ஐந்து வண்டிகளைப் பிரித்துப்போட்டு ஒழுங்காகச் சரி செய்தார்கள், ஏழாம் நம்பரையும் இன்னும் மூன்றையும் உடைக்க அனுப்பிவிட்டார்கள், பொங்கலுக்கு முந்தின நாள் மூன்று புது வண்டிகள் வந்தன. டிரிப் குறைந்திருக்கிறது, ஆறு பேருக்கு இன்னும் முழு டியூட்டி இல்லை, அவர்களை முறைவைத்து ஏற்றுகிறார்கள், யாரையும் வேலையைவிட்டு நிறுத்தவில்லை. புதிதாக என்ன வாங்கினாலும் பழசு இன்னும் பத்துக்கு மேல் ஓடுகிறது, ஆனால் பிரேக் என்று எழுதினால் இப்போது வண்டி வெளியே போவதில்லை, அதற்கு மெர்வினே காலையில் ஆறு மணிக்கு வந்து நிற்கிறார்.

புது வண்டியில் ஒன்று எங்களுக்குத்தான். முதல் நாள் படப்பையில் நிறுத்தினால் ஏறவந்த பெண்கள் நாலைந்து பேர் கீழேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார்கள். நான், "ஏறுங்கம்மா, இது கோயில் இல்ல, பஸ்ஸு" என்றேன், வண்டியே சிரித்தது, கதிரேசன் சிரித்ததை அன்றைக்குத்தான் முதல் தடவை பார்த்தேன். கண்டக்டருக்கு நல்ல சீட் இருக்கிறது, படியும் தாழ்வு, என் முட்டிக்கு அதுவே போதும். ஆபீஸ் சீட்டை மெர்வின் இப்போது நிஜமாகவே கொடுக்கிறேன் என்றார், முட்டி வலி உள்ள இன்னொரு கண்டக்டருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். தியாகம் என்று நினைக்காதே, எனக்கு இந்த லைன் பிடித்துப்போய்விட்டது.

நீ குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, தலைக்கு எண்ணெய் வை, வாரத்துக்கு ஒரு நாளாவது கஞ்சி வைத்துக் குடியுங்கள். மாப்பிள்ளையிடம் கோபம் வந்தால் சாப்பிடாமல் படுக்காதே, அது உன் அப்பா வழிப் புத்தி. மே மாதம் இரண்டு மாத லீவு சொல்லிவிட்டேன், நானும் அப்பாவும் வருகிறோம், ஜூலையில் திரும்பி வந்து டியூட்டியில் சேரவேண்டும், அங்கே பிடித்துவைக்கப் பார்க்காதே. முக்கியமாக ஒன்று, மறக்காமல் செய். நீ நிரப்பி அனுப்பிய விசா படிவத்தை அப்பா படித்துக் காட்டினார், எல்லாம் சரி. என் பெயருக்குப் பக்கத்தில் தொழில் என்ற இடத்தில் மட்டும் அலுவலகப் பணி என்று போட்டிருக்கிறாய். உன் கல்யாணப் பேச்சின்போதும் அப்படித்தான் சொன்னோம், அப்போது அது உண்மை. இப்போது மாற்றிவிடு கண்ணு. பஸ் கண்டக்டர் என்று போடு.

கர்த்தர் உங்கள் போக்கையும் வரத்தையும் காத்து, நீங்கள் கையிட்டுச் செய்வதையெல்லாம் ஆசீர்வதிப்பாராக. அப்பாவின் முத்தங்கள், மாப்பிள்ளைக்கு எங்கள் அன்பு.

உன் அம்மா,
சு. ஞானஜோதி