ஒரு தடவை அழுத பிள்ளை

இன்றைக்குக் காக்கநாட்டில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் வாசலில், என் பையிலிருந்த சாக்பீஸைக் காவலாளி வாங்கி மேசைமேல் வைத்துவிட்டார். கதவில் ஒன்றும் எழுதக் கூடாதாம், பெயின்ட் கெட்டுப்போகுமாம். "போகும்போ எடுத்தா மதி, சேச்சி" என்றார், திரும்பும்போது வாங்கிக்கொண்டால் போதுமாம். எந்த வீட்டில் கணக்கெடுத்து முடிந்தது, எந்த வீடு பாக்கி என்று பிறகு எப்படித் தெரியும்? சண்டை போட எனக்குத் தெம்பில்லை. நீயாக இருந்தால் போட்டிருப்பாய். விரலில் ஒட்டியிருந்த வெள்ளைப் பொடியைச் சேலையில் துடைத்துக்கொண்டு லிஃப்டில் ஏறினேன், அப்போதே நீயும் கூட ஏறிவிட்டாய். கொச்சங்காடியில் கதவு நிலைக்கு மேல் எண் போட்டுப் போட்டு, சாயங்காலம் உன் தலைமுடியெல்லாம் வெள்ளையாக இருக்குமே. கிழவியாகிவிட்டாய் என்று கேலி செய்வேன். கிழவி ஆகும்வரை நீ இருக்கவில்லை.

இல்லாதவளுக்குக் கடிதம் எழுதுவது பைத்தியக்காரத்தனம்தான். முழங்கால் இரண்டும் வீங்கிப்போய் உட்கார்ந்திருக்கிறேன், வேறு யாரிடம் சொல்ல?

நகரசபைத் துப்புரவு வேலைக்கென்று மட்டாஞ்சேரிக்கு வந்து, வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் தங்கிவிட்ட தமிழர்களின் பெண்கள் நாம். தொண்ணூறுகளில், பிறப்பு இறப்பு பற்றி வீடு வீடாகக் கேட்டு எழுதும் கணக்கெடுப்புக்குத் தமிழும் மலையாளமும் தெரிந்த பெண்கள் வேண்டும் என்றார்கள். தற்காலிக வேலை. இத்தனை வருஷம் கழித்தும் அது தற்காலிக வேலைதான். அப்போது உன் இரண்டு பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு முன்னால் ஒன்று உயிரில்லாமல் பிறந்தது என்று எல்லாருக்கும் தெரியும். உனக்கும் அப்படித்தான் தெரியும்.

பயிற்சி கொடுத்த சார் சுவரில் ஒரு பெரிய அட்டவணையைத் தொங்கவிட்டிருந்தார். ஒரு பக்கம் நாடுகளின் பெயர், எதிரே பிறப்பு விகிதம், இறப்பு விகிதம், குழந்தை இறப்பு, சராசரி ஆயுள். நம் கேரளம் பணக்கார நாடுகளின் பக்கத்தில் போய் நிற்பதைக் காட்டும்போது சாருக்குக் குரலே மாறிவிட்டது. நீதான் கையைத் தூக்கினாய். "அந்தப் பணக்கார நாட்டுல எல்லாரும் சொகமா இருக்காங்கன்னா, சாவு மட்டும் ஏன் சார் ஏழை நாட்டைவிடக் கூடுதலா இருக்கு?" அங்கே வயதானவர்கள் அதிகம், அதனால் சாகிறவர்களும் அதிகம், அந்த ஒரு எண்ணை மட்டும் பார்த்து நாட்டை எடைபோடக் கூடாது என்றார். நீ விடவில்லை. "அப்போ ஆயுசு குறைஞ்ச நாட்டுல கிழவங்களே இல்லையா?" இருக்கிறார்கள், ஆனால் ஒரு வயது முடிவதற்குள் போய்விடும் குழந்தைகள் சராசரியைக் கீழே இழுத்துவிடுகிறார்கள் என்றார். நான் தூங்கி வழிந்துகொண்டிருந்தேன். நீ கேட்டதால் எனக்கும் புரிந்தது.

பிறகு அவர் குழந்தை இறப்பு விகிதத்துக்கு வந்தார். உயிரோடு பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் எத்தனை ஒரு வயதுக்குள் இறக்கின்றன என்பது அது. ஒரு தடவை அழுதிருந்தால் போதும், ஒரு மூச்சு விட்டிருந்தால் போதும், அது உயிரோடு பிறந்த குழந்தை. இல்லையென்றால் இந்தக் கணக்கிலேயே வராது. இதைக் கேட்டபோது உன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. தெரிய வேண்டிய காரணமும் அன்றைக்கு இல்லை.

களத்துக்குப் போகும் முன் ஒருவரையொருவர் கேட்டுப் பழகிக்கொள்ளச் சொன்னார்கள். அன்று சாயங்காலம் கொச்சங்காடியில் உன் அம்மா வீட்டில் உட்கார்ந்தோம். அந்த வீட்டில்தான் உனக்குத் தலைப்பிரசவம் ஆனது. நம் ஆட்கள் வழக்கப்படி ஏழாம் மாதம் உன்னை அழைத்துவந்திருந்தார்கள். வலி முன்கூட்டியே வந்துவிட்டது, மழையில் ஆட்டோ கிடைக்கவில்லை, பக்கத்து வீட்டு அம்மாதான் பிரசவம் பார்த்தார். நீ மயங்கிவிட்டாய். கண் விழித்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

தாளைப் பார்த்து நான் வாசித்தேன். "பிறந்து, அழுதோ மூச்சுவிட்டோ, அப்புறம் தங்காமப் போன பிள்ளை உண்டா? கொஞ்ச நேரமே இருந்திருந்தாலும் சொல்லுங்க."

"இல்ல. ஒண்ணு உயிரில்லாம வந்தது. அது இதுல வராது. அடுத்ததக் கேளு, எடி."

உன் அம்மா சாயா கொண்டுவந்தவர் அப்படியே நின்றுவிட்டார். "என்ன கேட்ட? இன்னொரு தடவ கேளு" என்றார். கேட்டேன். தம்ளர்களை ஜன்னல் திட்டில் வைத்தார்.

"அழுதது" என்றார். "ஒரு தடவ. பூனக்குட்டி மாதிரி. அப்புறம் இல்ல."

நீ அம்மாவைப் பார்த்தாய். "ஏம்மா சொல்லல?"

"அழுதத சொல்லக் கூடாதுன்னாங்க. அழாம வந்துதுன்னு சொன்னா தாய்க்கு மனசு சீக்கிரம் ஆறுமாம். நம்ம லைன் வீட்டுல எல்லாருக்கும் அப்படித்தான் சொல்றது. எனக்கும் ஒண்ணு போச்சு. எங்கிட்டயும் அப்படித்தான் சொன்னாங்க. அது அழுததோ என்னவோ, ஆருக்குத் தெரியும்?"

நீ அழுவாய், கத்துவாய் என்று நான் பயந்தேன். நீ என் கையைப் பார்த்தாய். "எழுது" என்றாய்.

"இது பயிற்சித் தாள்டி. நாளைக்குக் கிழிச்சுப் போட்டுருவாங்க."

"கிழிக்கட்டும். நீ எழுது."

எழுதினேன். அடுத்த கேள்வி ஆணா பெண்ணா என்பது. நீ மறுபடியும் அம்மாவைப் பார்த்தாய். "பொண்ணு" என்றார். அதுவும் அன்றைக்குத்தான் உனக்குத் தெரிந்தது. இறந்தபோது வயது என்ன என்பது அதற்கடுத்த கேள்வி. ஒரு நாள்கூட ஆகாதிருந்தால் பூஜ்யம் போட வேண்டும். போட்டேன். அம்மா வைத்த சாயாவை இருவரும் குடிக்கவில்லை.

படகுத்துறை வரைக்கும் நடந்தோம். படகுக்கு நிற்கும்போது சொன்னாய், "பொம்பளைங்க இப்படி ஒருத்திக்கொருத்தி பொய் சொல்லச் சொல்ல, அந்தச் சுவத்துல நம்ம நாடு நல்லா இருக்கும், இல்லடி?" ஒரு பிள்ளையால் அட்டவணை மாறிவிடாது என்றேன், ஆறுதல் சொல்வதாக நினைத்துக்கொண்டு. "ஆயிரங்கறதும் ஒவ்வொண்ணாத்தான்டி வருது" என்றாய்.

அதற்குப் பிறகு அந்தக் கேள்வியை நீ கேட்ட விதமே வேறு. மற்றவர்கள் மூச்சுவிடாமல் வாசித்துவிட்டு அடுத்ததற்குத் தாண்டிவிடுவார்கள். நீ பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, கேட்டுவிட்டு, சும்மா இருப்பாய். வைப்பின் தீவில் மீன் நறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் "இல்ல" என்று சட்டென்று சொல்லிவிட்டு, கொஞ்ச நேரம் கழித்துக் கத்தியை நிறுத்திச் சொல்ல ஆரம்பிப்பார்கள். சிலர் மாமியார் உள்ளே போகக் காத்திருப்பார்கள். மேற்பார்வையாளருக்குப் பொறுமை போய்விடும். உங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வீடு முடிக்க ஒரு நாள் வேண்டுமா என்று கேட்பார். "பென்சில் கையில இருந்தா, சீக்கிரம் சொல்லுன்னு அர்த்தம்" என்பாய் என்னிடம். எனக்கு எரிச்சலாகக்கூட இருக்கும். பசி நேரம், படகு போய்விடும், நீயோ சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாய்.

அப்புறம் உனக்குச் சர்க்கரை வந்தது. அடுத்தவர் உடம்பைப் பற்றி ஊரெல்லாம் கேட்டு எழுதியவள் உன் காலில் வந்த புண்ணை மட்டும் எங்களிடம் மறைத்தாய். அதற்காக இன்னும் உன்மேல் கோபமாகத்தான் இருக்கிறேன். நம் மாநிலத்துப் பெண்களின் ஆயுள் என்று பெருமையாக அச்சடிக்கிறார்களே, அதில் பாதி வழியிலேயே நீ இறங்கிவிட்டாய்.

நீ போன அன்று, மலையாளப் பத்திரிகையின் மரணச் செய்திப் பக்கத்துக்கு உன் கொழுந்தன் போனில் விவரம் சொல்லிக்கொண்டிருந்தார். கணவர் பெயர் சொன்னார். "மக்கள் ரெண்டு பேர்" என்றார்.

"மூணு" என்றார் உன் அம்மா, மூலையிலிருந்து.

அவர் போனைக் கையால் பொத்திக்கொண்டார். "அத்தே, பேரு கேக்கறாங்க."

"பேரு இல்ல. ஆனா மூணு."

மறுநாள் காலையில் பத்திரிகையில் இரண்டு பெயர்தான் இருந்தது. யாரையும் குற்றம் சொல்ல முடியாது, பெயர் இல்லாத பிள்ளையை எப்படிப் போடுவார்கள்? படிக்கத் தெரியாத உன் அம்மா அதை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். "மூணுன்னு போட்டிருக்காங்களா?" போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டால் அந்த மனசு ஆறும். அந்த வார்த்தை என் நாக்கு நுனிக்கே வந்துவிட்டது. அப்புறம் உன்னை நினைத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. ரெண்டுதான்."

தலையாட்டினார். பத்திரிகையை மடித்து என் மடியில் வைத்தார். "அப்ப நீ சொல்லிட்டே இரு" என்றார்.

இன்றைக்கு அந்தக் கட்டடத்தில் மேல்மாடியில் ஒரு பெண், கணினி வேலை பார்க்கிறவள், மடியில் லேப்டாப்போடு பதில் சொல்லிக்கொண்டிருந்தாள். அந்தக் கேள்வி வந்தபோது பென்சிலைக் கீழே வைத்தேன். இல்லை என்றாள். கொஞ்சம் காத்திருந்தேன். இல்லை ஆன்ட்டி, நிஜமாகவே இல்லை என்று சிரித்தாள். நானும் சிரித்துவிட்டு அடுத்ததற்குப் போனேன். சந்தோஷமாக இருந்தது. வெளியே வந்து சாக்பீஸை வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி வீடு வந்து சேர்ந்தேன்.

உன்னைப் பற்றி யாராவது கேட்காமல் இருப்பதில்லை. பஸ்ஸில், ரேஷன் கடையில், உன்னோடு கூட நடந்தவள் என்று என்னை அடையாளம் கண்டு கேட்கிறார்கள். பாவம், அவளுக்கு எத்தனை பிள்ளைகள் என்பார்கள்.

மூன்று என்று சொல்கிறேன். மூத்தது பெண்.