தனியாய் நிற்கும் பெரியவர்களுக்குப் பிடியரிசி

சித்தூர்
13.10.2003

என் புஜ்ஜிம்மாவுக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் மூன்று கோழிகளும் சுகம், ஜெர்மனியில் நீயும் உன் இருமலும் எப்படி. உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். பெரிய நட்சத்திரங்கள் கூட்டமாய்த்தான் பிறக்குமாம், சிலது மட்டும் யாருமில்லாத இடத்தில் நிற்குமாம், கூட்டத்து நெரிசலில் வெளியே தள்ளப்பட்டதா, ஜோடி வெடித்துப்போனதில் தூக்கி எறியப்பட்டதா, தனியாகவே பிறந்ததா என்று கண்டுபிடித்தால்தான் உனக்கு டாக்டர் பட்டமாம். அதோடு, நான் சரியாய்ச் சாப்பிடவில்லை என்று தெரிந்தால் பாதியில் விட்டு வந்துவிடுவேன் என்று மிரட்டல் வேறு. சரி, ஜெபத்துக்குக் கொடுப்போம் என்று சபையில் சீட்டு எழுதினேன். நட்சத்திரம் என்று போட்டால் ஜாதகம் பார்க்கிறேன் என்று போதகர் கோபிப்பாரே என்று பயந்து, என் மகள் ஹன்னா தேடுகிற, தனியாய் நிற்கிற பெரியவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்று தெரிய ஜெபிக்கவும் என்று எழுதிவிட்டேன். அதுதான் வினையாகிவிட்டது. பிள்ளைகள் துரத்திவிட்ட அந்த முதியோரைத் திரும்ப வீட்டில் சேரும் ஆண்டவரே என்று போதகர் கால்மணி நேரம் மன்றாடினார், நாலு பேர் அழுதார்கள், நானும் அழுதேன், உன் நைனா கர்த்தரிடம் போனதிலிருந்து எனக்கு அழக் காரணம் வேண்டியதில்லை.

நேற்று ஆராதனை முடிந்ததும், பெண்கள் சங்கத்தார் உலை வைக்கும்போதெல்லாம் எடுத்துவைத்த பிடியரிசியை மூட்டை கட்டி, அந்த முதியோருக்கு அனுப்பு என்று என் கையில் கொடுத்தார்கள். இனி மறைக்க முடியுமா, அதெல்லாம் வானத்து நட்சத்திரம் என்று சொல்லிவிட்டேன். போதகர் பாட்டுப் புத்தகத்தால் முகத்தை மூடிக்கொண்டு சிரிப்பில் குலுங்கினார். கொடுத்த காணிக்கையைத் திரும்ப எடுக்கக்கூடாதாம், எல்லாரும் முழித்தார்கள். சங்கத் தலைவி தபீதாள் அக்கா என்னை மேலும் கீழும் பார்த்து, "ஜோடி செத்துப்பூட்டு, தன்னந்தனியா நின்னுகினு கீற பெரிய உருவம் இந்த சபையில நீதாம்மே, தூக்கிகினு போ" என்றாள். எனக்குச் சிரித்து வயிறு வலித்தது, நைனா போன பிறகு அதுதான் முதல் தரம்.

கோபிக்காதே புஜ்ஜி, வேளைக்குச் சமைக்கிறேன் என்று எழுதினதெல்லாம் பொய், ஆறு மாதமாய் பன்னும் டீயும்தான், அப்படியும் இளைக்கவில்லை. நேற்று உலை வைத்தேன். கை பழைய பழக்கத்தில் இரண்டு பேருக்குப் போட்டுவிட்டது, மிச்சத்தைக் கோழிகள் தின்றன. இனி தினமும் வைப்பேன், அதனால் நீ வராதே, படித்து முடி.

கர்த்தர் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். காதில் பஞ்சு வைத்துக்கொள்ள மறக்காதே.

உன் அம்மா
சுகிர்தம்மாள்

பின்குறிப்பு: ஓடின நட்சத்திரம் வந்த வழியைப் பின்னால் அளந்துகொண்டே போனால் அது கிளம்பின வீடு தெரியும் என்று எழுதியிருந்தாயே, உன் நைனா போன வழியை அளந்துகொண்டே போனால், அங்கே அவருக்கு யார் சோறு போடுகிறார்கள் என்று தெரியுமா?