சக்கரத்தடியில் ஒரு கல்

அன்புள்ள வீட்டுக்காரிக்கு,

இங்கு நான் சுகம். அம்மாவின் முழங்கால் வலி தேவலையா?

சக்களத்தி என்று நீ கேலி செய்வாயே, அந்தக் காரை எதிர்வீட்டுக்காரருக்கு விற்றுவிட்டேன். கைபிரேக் நிற்காது, சரிவில் நிறுத்தினால் சக்கரத்தடியில் கல் வையுங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அவர் வைப்பதில்லை. மனசு கேட்காமல் தினமும் நானே வைத்து, பானெட்டைத் தட்டிக்கொடுத்துவிட்டு வேலைக்குப் போவேன். நேற்று பார்த்துவிட்டார். "வித்த வண்டிகிட்ட உனக்கு என்னய்யா வேலை?" என்று கல்லைத் தூக்கி எறிந்தார். சிரித்துச் சமாளித்தேன், நீ கவலைப்படாதே.

என் பழைய போர்வையை அனுப்பிவை. இங்கே தூக்கம் பிடிக்கவில்லை.

இன்று எனக்கு வார ஓய்வு, ஜன்னலோரம் உட்கார்ந்து எழுதுகிறேன். சரிவின் அடியில் பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வரும் சத்தம் கேட்கிறது. எதிர்வீட்டுக்காரர் வாசலில் நின்று டீ குடிக்கிறார். சாவி அவர் விரலில்தான் ஆடுகிறது. காரைத்தான் காணோம்.

மீதி அப்புறம்.