படம் பேசத் தொடங்கிய நாளில்

அண்ணே,

இன்று காலை உங்கள் மகள், நான் படம் ஓட்டும் மெஷின் அறைக்கு வந்து உங்கள் பிரம்பைக் கொடுத்துவிட்டுப் போனாள். வீட்டை ஒழித்தபோது பரண்மேல் கிடைத்ததாம். நீங்கள் கண்மூடி நான்கு மாதமாகிறது.

கிள்ளானில் அந்தத் தகரக் கொட்டகையில் ஊமைப் படம் ஓடிய காலத்தில், திரைக்குப் பக்கத்தில் நின்று இந்தப் பிரம்பால் சுட்டிக்காட்டிக் கதை சொல்வீர்கள். கீழே நான் ஹார்மோனியம் வாசிப்பேன். ஒரு வெள்ளைக்காரப் படத்தில் தாய் செத்துப்போகும் இடத்தில், முன்வரிசையில் ஒரு பிள்ளைத்தாய்ச்சி தேம்பி அழுதாள். "சாகலம்மா, மயக்கம்தான்" என்றீர்கள். அந்தத் தாய் ஏன் திரும்பி வரவில்லை என்பதற்கு, படம் முடியும்வரை ஏதேதோ காரணம் சொல்ல வேண்டியதாயிற்று.

பிறகு, தமிழ் பேசும் படம் வருகிறதென்று நோட்டீஸ் ஒட்டினார்கள். முதலாளி என்னைத் தனியே கூப்பிட்டு, மெஷின் ஓட்டப் பழகிக்கொள்ளச் சொன்னார்.

"கதை சொல்ற ஆளு இனி வேணாம். நீயே அவர்கிட்ட சொல்லிடு."

சரி என்றேன். மூன்று வாரம் சொல்லவில்லை. "படம் பேசினாலும் விளக்க ஆளு வேணும்லா" என்று நீங்கள் சொன்னபோதுகூட "ஆமாண்ணே" என்றுதான் சொன்னேன்.

முதல் நாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்து வழக்கமான இடத்தில் நின்றீர்கள். திரையில் ராஜா பேசத் தொடங்கினார். நீங்களும் பேசினீர்கள்.

"அண்ணே, உக்காருங்க. படமே பேசுது" என்றார் ரப்பர் தோட்டத்திலிருந்து படம் பார்க்க வந்த ஒருவர். கோபமாகச் சொல்லவில்லை, மரியாதையாகத்தான் சொன்னார். நீங்கள் அப்படியே தரையில் உட்கார்ந்ததை மெஷின் அறைத் துவாரம் வழியே பார்த்தேன்.

ஆட்டம் முடிந்ததும் மெஷின் அறைக்குப் படியேறி வந்தீர்கள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியும்ணே."

"சொல்லியிருந்தா டிக்கெட் எடுத்து உக்காந்து பார்த்திருப்பேன்பா. படம் நல்லாத்தான் இருக்கு."

துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்து பண்டமாரானில் குடியேறினீர்கள். ஒவ்வொரு புதுப் படத்துக்கும் வந்தீர்கள். என்னைக் கண்டால் நின்று பேசினீர்கள். அந்தப் படியில் மட்டும் மறுபடி ஏறவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

எங்கள் கொட்டகை மாட்டுவண்டிக்காரர் தமுக்கடித்துத் தோட்டம் தோட்டமாகப் படத்தை அறிவித்து வந்தவர். இனி அந்த வேலைக்கு ஒலிபெருக்கி வைத்த லோரி வருகிறதென்று போன வாரம் தெரிந்தது. அன்று மாலையே அவர் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அவர் மாட்டுக்குப் புல்லை அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். அவராகத் திரும்பி என் முகத்தைப் பார்க்கும்வரை நான் அங்கிருந்து கிளம்பவில்லை.