வண்டிக்கு அப்பாவின் குரல்

8 அக்டோபர், புதன்
வெயில். கிரிவலப் பௌர்ணமிக் கூட்டம் போய்விட்டது, பேருந்தில் உட்கார இடம். அப்பாவின் தொண்டையில் சின்னக் கட்டி, வரும் திங்களன்று ஆபரேஷன். டாக்டர்: "ஒரு மாசம் வாயே தெறக்கக் கூடாது. அப்புறமும் பழைய குரல் வருமான்னு சொல்ல முடியாது." காய்கறி வண்டியில் யார் கூவுவது? பதிவு செய்து ஸ்பீக்கரில் போடலாம் என்றேன்.
அப்பா: "மிஷினு கூப்ட்டா யாரும்மா வருவா?"

9, வியாழன்
புழுக்கம். அறையில் பதிவு. ஃபேன் நிறுத்தி, சன்னல் சாத்தி, சுவரில் இரண்டு கம்பளி. ஹெட்போனில் அப்படி ஒரு தெளிவு, எச்சில் விழுங்குவதுகூட. வண்டியின் குழாய் ஸ்பீக்கரில் போட்டால், அண்டாவுக்குள்ளிருந்து யாரோ அறிவிப்பு வாசிக்கிறார்கள். குழாயைத் திட்டினேன். அதன்மேல் தப்பில்லை. அடிக்குரல் அதில் எடுபடாது, உச்சம்தான் வரும். அறைக்குள் அப்பாவுக்கு உச்சமே எழவில்லை.
"செவுத்தப் பாத்து எப்டிம்மா கூவறது?"

10, வெள்ளி
அடி அண்ணாமலை. அப்பா வழக்கமாக விற்கும் தெருக்களில் வண்டியோடு நானும். காற்று இரையாமல் இருக்க மைக்குக்குப் பழைய சாக்ஸ். வாய்க்கு நேரே பிடிக்காமல் பக்கவாட்டில், கையெட்டும் தூரத்தில். முதல் கதவு திறந்ததும் அப்பாவின் குரல் தானாக ஏறியது. "காயேய்... தக்காளி, கத்திரி, முருங்கேய்..."
நடுவில் செல்வி அத்தை, பல வருட வாடிக்கை: "ஏண்ணா, நேத்து குடுத்த கத்திரிக்காய்ல பாதி சொத்தை!"
"பாதிய புழு துன்னுச்சி. மீதிய நீதான துன்ன? நல்லாருந்துச்சா இல்லியா?"
அப்பாவின் சிரிப்பு முழுதாகப் பதிவில். அங்கேயே குழாயில் போட்டோம். ஆளே நின்று கூவுவதுபோல. அத்தை திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

12, ஞாயிறு
தூறல். சொத்தை, புழு, சிரிப்பு எல்லாம் வெட்டினேன். வியாபாரத்துக்கு ஆகாது. அப்பா: "நீ சொன்னா சரி." வெட்டாதது எனக்காக, ஃபோனில் ஒன்று, லேப்டாப்பில் ஒன்று. புத்தகம் எடுத்தேன். வெகுநேரம் ஒரே பக்கம்.

13, திங்கள்
ஆபரேஷன் நல்லபடியாக. அப்பா என் உள்ளங்கையில் விரலால் எழுதிய முதல் சொல்: டீ.

27, திங்கள்
மழை விட்டிருந்தது. மறுபடி அடி அண்ணாமலை. மேலே குழாயில் கூவும் அப்பா, கீழே வாய் மூடி ஓட்டும் அப்பா. ஆட்கள் வந்தார்கள், எடுத்தார்கள், போனார்கள். எல்லாம் சரியாக, ஏனோ சப்பென்று.
செல்வி அத்தை மட்டும் வாசலிலேயே நின்று கேட்டார். பதிவு முடிந்து முதலிலிருந்து ஆரம்பித்ததும் கூடையோடு இறங்கி வந்தார்.
"நான் சண்ட போட்டது எங்கடி? எடுத்துட்டியா? நான் இல்லாம எங்கண்ணன் யாருகிட்ட பேசறாரு?"
அப்பா என்னைப் பார்த்தார். குழாயைக் காட்டினார்.
வெட்டாததைப் போட்டேன். சொத்தை என்று தெருவெல்லாம் கேட்டது. பிறகு குழாய் சிரித்தது. அப்பாவும், வாயைப் பொத்திக்கொண்டு, தோள் குலுங்க, சத்தமே இல்லாமல்.
கத்திரிக்காய்தான் முதலில் தீர்ந்தது.